மாதேஸ்வரன் மலையும் காவிரியாறும்



மைசூரில் வாழும் நம்மவருள் மாதேஸ்வரன் மலைக்குச் செல்லாத குடும்பம் அரிது. கொள்ளேகால் வழியே பேருந்தேறிச் சென்று, புலியை ஊர்தியாகக் கொண்ட அண்ணலை வணங்கி, மறுநாளே மீள்கின்றோம். அம்மலைத்தொடரின் கீழ்த்திசையில் காவிரி ஓடுவதையும், அவ்யாறே இரு மாநிலங்கட்கும் எல்லையாய் நிற்பதையும் நினைப்பார் சிலரே. யான் வரலாற்றுப் புலவன் அல்லன். இரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொள்ளேகால் வட்டாரம் ஆங்கிலேயர் வசமாகிக் கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 வரை இம்மலை சென்னை இராஜ்யத்ததே! மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூருக்கு வந்தது. கோடு மாறிற்று, அடியார் கூட்டம் மாறவில்லை. கம்சாளை கொட்டிக் கன்னடத்தில் அண்ணலின் கதையைப் பாடுவோர் அருகிலேயே, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழரும் கைகூப்பி நிற்பர்.

குடகில் தலைக்காவிரியில் பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடந்து, பூம்புகாரில் கடல் புகுவது காவிரி. இதன் நீர் குறித்து மைசூரும் சென்னையும் 1892லும் 1924லும் உடன்படிக்கை செய்தன. அதன் பயனாக மேலே கண்ணம்பாடி அணையும், கீழே 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் எழுந்தன. மேட்டூர் நீர்த்தேக்கத்துள் ஊர்கள் பல மூழ்கின. நீர் வற்றுங்காலத்தில் பண்ணவாடியில் பழைய நந்தியும் மாதாகோயிற் கோபுரமும் வெளிப்படும். நிலம் ஈந்து அகன்ற அக்குடிகளை நம் நூல்கள் மிகுதியும் பேசவில்லை என்பது என் மனக்குறை.

பின்னர் வந்தது வழக்கு. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் இடைக்கால ஆணை பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இங்கே கலவரமும் மூண்டது. அப்போது யான் பள்ளிச் சிறுவன். சில நாட்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. எந்தையார் வெளியே தமிழில் பேசலாகாதென்றார். அந்நாட்களிலும் எங்கள் குடத்தில் நிறைந்தது காவிரி நீரே! கதவைத் தட்டி எமக்குப் பால் கொடுத்துச் சென்றவர் அண்டைவீட்டுக் கன்னட அம்மையார். 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018இல் உச்சநீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குரிய பங்கை 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாக வகுத்தது.

பங்கீட்டுக் கணக்கு இவ்வளவு நுட்பமாயிருக்க, ஆற்றின் உடல்நலத்துக்கு அத்தகைய கணக்கு உண்டோ? ஓரளவு உண்டு. காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இலும், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம் 2013இலும் இங்கே அமைந்தன. எதிர்க்கரையில் தமிழகம் 2014இல் காவிரி வடக்குச் சரணாலயத்தையும், 2022இல் தெற்குச் சரணாலயத்தையும் அறிவித்தது. இக்காடுகளிடையே நீர்நாயும் முதலையும் இன்றும் வாழ்கின்றன. காடு நின்றால் மண் கரையாது. மண் கரையாவிடின் அணை தூராது. ஆனால் ஊர்களை ஒட்டிய துறைகளிலோ நீராடிக் களைந்த துணியும், பிளாஸ்டிக் பையும், சாக்கடையும் சேர்கின்றன. நம்மவரும் அதற்கு விலக்கல்லர். ஆடிப்பெருக்கன்று சீரங்கப்பட்டணத் துறையில் நாம் விட்டுவந்த தாள்தட்டுகளை நினைத்தால் வெட்கமே மிஞ்சுகிறது.

சென்ற ஆண்டு குடும்பத்துடன் மலையிலிருந்து மேட்டூர்ச் சாலையில் இறங்கினேன். பாலாறு காவிரியைச் சேரும் இடத்தருகே வண்டி நின்றது. இருபுறமும் சோதனைச் சாவடி. என் இளைய மகள், "அப்பா, இந்தத் தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர்தானே?" என்றாள். ஆமென்றேன்.