பீங்கானுக்கும் குழாய்க்கும் இடையே

எங்கள் நண்பர் ஒருவரின் இல்லத்தில் கழிவறையைப் புதுப்பித்தார்கள். விலையுயர்ந்த பீங்கான், கண்ணாடியென மின்னும் சுவர்க்கற்கள். மூன்றாம் வாரத்தில் மெல்லிய துர்நாற்றம் ஒன்று குடிபுகுந்தது. எத்தனை முறை கழுவியும் அகலவில்லை. எங்கும் ஒரு சொட்டு நீர்கூடக் கசியவில்லை என்பதுதான் புதிர். அதைத் துருவப் போய், கழிவறையின் வரலாற்றில் எவரும் அதிகம் எழுதாத ஓர் அங்கத்தில் வந்து நின்றோம். பீங்கானின் வாலும் கழிவுக்குழாயும் கூடுகின்ற அந்த மூட்டுத்தான் அது.

இலக்கிய வாசகர்கள் சர் ஜான் ஹாரிங்டனை அறிந்திருக்கக்கூடும். முதலாம் எலிசபெத் அரசியின் ஞானப்புதல்வர். அரியோஸ்தோவின் காவியத்தை ஆங்கிலப்படுத்தி 1591இல் வெளியிட்டவர். நீர் பாய்ச்சும் கழிவறை ஒன்றை வடிவமைத்து, அதைப்பற்றி 1596இல் அங்கதம் மிகுந்த நூலொன்றும் எழுதினார். அவருடைய கருவியில் நீர் இருந்தது, அடைப்பு வால்வு இருந்தது. வளைகுழாய் மட்டும் இல்லை. கீழே போனதன் நாற்றம் மேலே திரும்பி வருவதைத் தடுக்க வேறு எதுவுமில்லை. அந்த வளைவை 1775இல் காப்புரிமைக்குள் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே காற்றுக்குக் கதவாயிற்று.

ஆனால் வளைவிலுள்ள நீர் காப்பது பீங்கானின் வாயை மட்டுமே. வளைவுக்கு அப்பாலுள்ள மூட்டு பிளந்தால், காற்று அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்துவிடும். விக்டோரியா கால வீடுகளில் நிகழ்ந்தது இதுவே. பீங்கான் ஒரு பொருள். குழாயோ ஈயம் அல்லது வார்ப்பிரும்பு. (பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.) இவ்விரண்டையும் சணல்நாரும் எண்ணெயில் குழைத்த பசையும் கொண்டு இணைத்தார்கள். பசை உலரும், மரத்தளம் அசையும், ஈயம் தன் எடையிலேயே தொய்யும்.

1871இல் வேல்ஸ் இளவரசர் ஸ்கார்பரோவில் விருந்தாளியாகத் தங்கித் திரும்பியபின் டைபாய்டு கண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அதே மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு மாண்டார். பழி சாக்கடை வாயுவின்மேல் விழுந்தது. லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல், வீட்டுக் குழாய்களின் குறைகளைப் படம்படமாக வரைந்து 1878இல் ஒரு நூலே வெளியிட்டார். அக்காலத்தார் மூட்டுகளைச் சோதித்த முறை எங்களைப் பெரிதும் கவர்ந்தது. ஒருவர் கூரைமேல் ஏறிக் குழாயின் உச்சியில் புதினா எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார். மற்றொருவர் கீழே அறை அறையாக மோந்து செல்வார். ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் வரலாகாது. அவர் ஆடையின் மணமே பொய்ச்சாட்சி சொல்லிவிடும்!

பின்னர் டைபாய்டு உணவிலும் நீரிலும் பரவும் கிருமியின் வேலை என்பது தெளிவாயிற்று. சாக்கடை வாயுவை நடுங்கிய தலைமுறை நகைப்புக்கு உள்ளானது. அந்நகைப்பு சற்று அவசரமானது என்றே கருதுகிறோம். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் பற்றியது. குளியலறைத் தரைவடிகால்களின் வளைவுகளில் நீர் வற்றியிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் சுழன்றபோது, கழிவுக்குழாயிலிருந்த நுண்துளிகள் அவ்வழியே அறைகளுக்குள் இழுக்கப்பட்டன என்று ஆய்ந்தோர் முடிவுகட்டினர். விக்டோரியா காலத்தார் நோயைத் தவறாகக் கணித்திருக்கலாம். வாயிலைச் சரியாகவே காட்டினார்கள்.

பசைக்குப் பின் சிமெண்டு வந்தது. இறுகிய சிமெண்டு இம்மியும் நெகிழாது. தளம் அசைந்தால் பீங்கானின் வால்தான் உடையும். இன்றைய பிளாஸ்டிக் இணைப்பானின் உட்புறத்தில் ரப்பர் இதழ்கள் வளையம் வளையமாக உள்ளன. அவை வாலைச் சுற்றிலும் ஒரே அளவில் அழுத்த வேண்டும். அதற்குப் பீங்கானும் குழாயும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். வாலில் பழைய சிமெண்டுத் துணுக்கு ஒட்டியிருக்கலாகாது. குழாய் கீழ்நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். செலுத்தும்போது சோப்புநீர் தடவினால் இதழ் மடங்காது. கோணலாகச் செருகிவிட்டு மேலே சிலிக்கான் பூசுவது, பொத்தலை மறைத்துச் சாயம் அடிப்பதற்கு ஒப்பு. கோணலில் இதழ் ஒரு பக்கம் நசுங்க, மறுபக்கம் இடைவெளி விடும். மூட்டின் அடிப்புறத்தில் ஓடும் நீர் அங்கே எட்டாது, காற்று எட்டும்.

நண்பர் மருந்துக்கடையில் புதினா எண்ணெய் வாங்கி மொட்டைமாடிக்கு ஏறினார். காற்றுக்குழாயில் ஊற்றியதும், "வந்திடுச்சு, பீங்கானுக்குப் பின்னாலதான்!" என்று கீழிருந்து அவர் மனைவியின் குரல் எழுந்தது. கழற்றிப் பார்த்தபோது இணைப்பானின் மேற்புறத்தில் ரப்பர் இதழ் ஒன்று உள்நோக்கி மடங்கிக் கிடந்தது.