திருகு சொன்ன கணக்கு

எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் ஒரு மில்லிங் மெஷின் நிற்கிறது. தைவானில் செய்தது, அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் மெஷினைப் பார்த்துச் செய்த நகல். அப்பா வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபோது பழைய இரும்பு விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். அப்போது எனக்கு 12 வயது. அம்மா ஒரு வாரம் அப்பாவிடம் பேசவில்லை.

அந்த மெஷினில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 0.2 அங்குலம் நகரும். கைப்பிடியோடு ஒட்டிய டயலில் 200 கோடுகள். ஒரு கோடு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறைப் பேச்சில் ஒரு ‘தௌ’. ஆனால் இன்றைக்குக் கையில் வரும் வரைபடம் எல்லாம் மில்லிமீட்டரில்தான். 38 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமா? 25.4ஆல் வகுத்தால் 1.496 அங்குலம். அதாவது 7 முழுச் சுற்று, பிறகு 96 கோடு. சுற்றை வாய்க்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு.

இன்னொரு தொல்லையும் உண்டு. திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே தேய்மானத்தால் வந்த இடைவெளி. பேக்லாஷ் என்று பாடப் புத்தகம் சொல்லும், அப்பா ‘ஆட்டம்’ என்பார். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் எங்கள் மெஷினில் முதல் 15 தௌவுக்கு டயல் மட்டும்தான் நகரும், மேசை அசையாது. அதனால் எப்போதும் ஒரே திசையில் இருந்துதான் கோட்டுக்கு வரவேண்டும். தாண்டிப் போய்விட்டால் அரைச் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னால் வா. எனக்கு இந்த மெஷினில் அப்பா கற்றுத்தந்த முதல் பாடமே இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பம்ப் பிராக்கெட்டில் அப்பா ஒரு சுற்றைக் கூடுதலாக எண்ணிவிட்டார். துளை 5 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. ஒன்றும் பேசாமல் அந்த இரும்பைப் பெஞ்சுக்குக் கீழே தள்ளி வைத்தார். அடுத்த மாதம் இன்னொன்று. நான் பொறியியல் படித்தவன், உடனே தீர்வு சொன்னேன்.

“டிஆர்ஓ போட்டுடலாம்பா.”

“எதுக்குடா? டயல் நல்லாத்தானே இருக்கு.”

டயல் நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை டயலைவிடப் பழையது.

திருகை வைத்து அளக்கும் பழக்கம் ஏறத்தாழ 400 வருடப் பழக்கம். 1630களின் இறுதியில் வில்லியம் கேஸ்கொய்ன் என்ற இளம் ஆங்கிலேய வானியலாளர் தன் தொலைநோக்கிக்குள் நுண்ணிய திருகு ஒன்றைப் பொருத்திக் கோள்களின் விட்டத்தை அளந்தார். திருகின் ஒரு சுற்று ஒரு சிறிய, திட்டமான தூரம். அந்தச் சுற்றைப் பாகம் பிரித்தால் கண்ணுக்குத் தெரியாத தூரமும் எண்ணாக மாறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஹென்றி மௌட்ஸ்லி தன் பட்டறைக்கென்று பெஞ்ச் மைக்ரோமீட்டர் ஒன்று செய்தார். வேலைக்காரர்களுக்குள் அளவில் தகராறு வந்தால் அதுதான் கடைசித் தீர்ப்பு. அதனால் அதற்கு நாட்டின் உச்ச நீதிப் பதவியான ‘லார்ட் சான்சலர்’ என்றே பெயர் வைத்தார்கள். மௌட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1851 லண்டன் கண்காட்சியில் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவியை வைத்தார். அதன் உள்ளேயும் திருகுதான். கையில் பிடிக்கும் மைக்ரோமீட்டருக்கு 1848இல் பாரிஸில் பால்மர் காப்புரிமை பெற்றார்.

அளக்கும் கருவியில் திருகுக்குப் பாரம் கிடையாது. மெஷினில் கதை வேறு. அங்கே அதே திருகு நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மேசையைத் தள்ள வேண்டும், வெட்டும் விசையைத் தாங்க வேண்டும், கூடவே எவ்வளவு நகர்ந்தோம் என்ற கணக்கையும் சொல்ல வேண்டும். சுமை தூக்குகிறவனையே கணக்கு எழுதவும் சொன்ன மாதிரி. தூக்கத் தூக்கத் தேய்கிறான். தேயத் தேயக் கணக்கு தப்புகிறது.

இது தெரியாமல் யாரும் இல்லை. ஜெனீவாவில் நுண்ணளவு மெஷின்கள் செய்த எஸ்ஐபி நிறுவனம் ஒவ்வொரு திருகின் பிழையையும் தனித்தனியாக அளந்து, அந்தப் பிழையின் வடிவத்தையே ஓர் உலோகப் பட்டையில் செதுக்கி மெஷினோடு பொருத்தியது. மேசை நகரும்போது அந்தப் பட்டை அளவுக்குறியைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளித் திருத்திவிடும். அழகான வேலைதான், ஆனால் சாதாரணப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. 1938இல் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ஃப் பானோவும் மேக்னஸ் வால்ஸ்ட்ரோமும் விற்கத் தொடங்கிய மெஷினில் அப்படி எதுவும் இல்லை. நல்ல திருகு, நல்ல டயல், மீதியை மெஷின்காரன் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க அந்த வடிவம் நகல் ஆனபோது இந்த ஏற்பாடும் சேர்ந்தே நகல் ஆனது.

இரண்டு வேலையையும் பிரிக்கும் வழி துணியில் இருந்து வந்தது என்று சொல்லலாம். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலே இருப்பதை லேசாக இழுத்துப் பாருங்கள். பெரிய கருப்பு அலைகள் ஓடும். வலை ஒரு நூல் நகர்ந்தால் அலை ஒரு சாண் நகரும். ஒருவகைப் பட்டுத் துணியில் தெரியும் அலைக்கு பிரெஞ்சில் ‘முவாரே’ என்று பெயர், அதுவே இந்தக் காட்சிக்கும் பெயரானது. நுண்கோடுகள் போட்ட இரண்டு கண்ணாடிகளை இப்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடுகளின் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்று 1874இலேயே ரேலி எழுதினார். ஆனால் அத்தனை நுண்ணிய கோடுகளை மலிவாக, நீளமாகப் போட வழி இல்லை. 1950 வாக்கில் தாமஸ் மெர்ட்டன் என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். திருகின் மீது கெட்டியான நட்டுக்குப் பதிலாக மெதுவான உள்பூச்சு கொண்ட நட்டு. அது பல மரைகளை ஒரே நேரத்தில் அணைத்துப் பிடிப்பதால் ஒவ்வொரு மரையின் பிழையும் மற்றதோடு கலந்து சராசரியாகிவிடும். அந்த முறையில் செய்த கோட்டுத் தகடுகளை எடின்பரோவின் ஃபெரான்டி நிறுவனம் தன் தானியங்கி மில்லிங் மெஷின்களில் பொருத்தியது. அந்தக் குழுவை நடத்தியவர் தியோ வில்லியம்சன். பழைய வால்வு ஆம்பிளிஃபையர் பிரியர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். 1947இல் வெளிவந்த வில்லியம்சன் ஆம்பிளிஃபையர் அவருடையதுதான். ஜெர்மனியின் டிராவுன்ராய்ட்டில் ஹைடன்ஹைன் நிறுவனம் கண்ணாடியில் குரோமியக் கோடுகளை நகலெடுக்கும் முறையை அதே 1950இல் கொண்டுவந்தது.

இன்று நம் கைக்குக் கிடைக்கும் டிஆர்ஓவும் அந்த வழியில் வந்ததுதான். அலுமினியக் கூட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பட்டை. அதில் ஒவ்வொரு 20 மைக்ரானுக்கும் ஒரு கோடு. அதன்மேல் ஓடும் தலையில் சின்ன விளக்கும் ஒளியுணரிகளும். கால் கோடு தள்ளி வைத்த இரண்டு சமிக்ஞைகளில் எது முந்துகிறது என்று பார்த்துத் திசையைக் கண்டுபிடிக்கும். ஒரு கோட்டுக்கு நான்கு எண்ணிக்கை, ஆக 5 மைக்ரான். திருகு எப்படித் தேய்ந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மேசை எங்கே நிற்கிறதோ அதைச் சொல்லும். ஆட்டமும் கணக்கில் வராது, சுற்றும் எண்ண வேண்டாம்.

மூன்று சனிக்கிழமை பிடித்தது. வார்ப்பிரும்பின் பக்கவாட்டு கரடுமுரடாக இருந்ததால் பட்டைக்குக் கீழே தகடுகள் வைத்துச் சமன்செய்தோம். டயல் கேஜால் தடவிப் பார்த்து முழு நீளத்துக்கும் 0.1 மில்லிமீட்டருக்குள் நேராக்கினோம். அந்தக் கோணலால் அளவு ஒன்றும் தப்பாது. 500 மில்லிமீட்டருக்கு 0.1 கோணல் என்றால் பிழை ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்குதான். கோணலாக இருந்தால் தலை உரசிச் சீக்கிரம் கெட்டுவிடும், அதற்காகத்தான் இத்தனை பாடு. ரப்பர் உதடு கீழே பார்க்கும்படி மாட்டினோம், இல்லாவிட்டால் இரும்புத் தூள் உள்ளே போய்விடும். துளை போட்டு மரை வெட்டியது அப்பா. நான் ஒயர் கட்டினேன்.

அளவு சரிபார்க்கும்போது எனக்குப் படித்த புத்தி வந்தது. உலக நீள அளவுகளுக்கு 1931இல் முடிவான வெப்பநிலை 20 டிகிரி. எங்கள் பின்கட்டு மத்தியானத்தில் 33. ஒரு மீட்டர் எஃகு இங்கே சுமார் 150 மைக்ரான் நீண்டிருக்கும், கண்ணாடி சுமார் 100தான். கண்ணாடிக்கோலும் நம் ஊர் வெயிலில் முழு உண்மை பேசாது. ஆனாலும் 250 மில்லிமீட்டர் இரும்புத் துண்டுக்கு அந்த வித்தியாசம் 12, 13 மைக்ரான், அரைத் தௌ. பம்ப் பிராக்கெட்டுக்கு அது போதும்.

பிறகு ஓர் ஆசை. டயலையும் திரையையும் பக்கத்தில் வைத்து, ஒரே திசையில், ஒவ்வோர் அங்குலமாக 12 அங்குலம் வரை ஒப்பிட்டேன். ஓரங்களில் இரண்டும் ஒத்துப்போயின. 6இல் இருந்து 9 வரை டயல் 2, 3 தௌ பொய் சொன்னது. வேலையெல்லாம் மேசை நடுவில்தானே நடக்கும், அங்கேதான் திருகு தேய்ந்திருக்கிறது. பெருமையாக அப்பாவிடம் தாளை நீட்டினேன்.

அவர் அலமாரியில் இருந்து நோட்டை எடுத்தார். மில்லிமீட்டரை அங்குலமாக்கிய பட்டியல் உள்ள நோட்டு, நான் நூறு தடவை பார்த்ததுதான். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்ததில்லை. பென்சிலில் ஒரு கோடு, அதன்மேல் 1 முதல் 12. 6க்கும் 9க்கும் நடுவே ‘+2’.

“முடிச்ச சாமானை மைக்ரோமீட்டர்ல புடிச்சுப் பார்ப்பேன். எப்பவும் அங்கதான் குறையும்.”

ஜெனீவாக்காரன் உலோகப் பட்டையில் செதுக்கியதை அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார், பிறகு கையிலேயே வைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் அந்த மெஷினில் இருந்து சரியான சாமான் வெளியே போனதற்கு டயல் மட்டும் காரணம் இல்லை. அந்தத் திருத்தம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. டிஆர்ஓ வந்த பிறகு அதற்கு வேலையும் கிடையாது. ‘டயல் நல்லாத்தானே இருக்கு’ என்று அவர் சொன்னதை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்பா திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார், ஆறு மாதமாக ஒரு துளையும் தள்ளி விழவில்லை. தாண்டிப் போய்விட்டால் இன்னும் அரைச் சுற்றுப் பின்னால் போய்த்தான் முன்னால் வருகிறார். தேவையில்லை என்று ஒருமுறை சொன்னேன், பிறகு சொல்லவில்லை. திரையின் மூலையில் மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஓர் அங்குலம் மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டதால்தான் அந்தப் பொத்தான் பிழையில்லாமல் மாறுகிறது. இங்கே எடை அளவைச் சட்டம் 1972இல் வந்துவிட்டது. ஆனாலும் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், அப்பா கணக்குக் கற்றது அவரிடம். நான் வேலை முடித்து மில்லிமீட்டரில் விட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் அங்குலத்தில் இருக்கும்.