காணொளிக்கு ஒரு கையொப்பம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்திய போராட்டமொன்றைப் பதிவுசெய்துகொண்டிருந்தேன். ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, நாளைக்கு இதைப் பொய்ப்படம் எண்டு சொன்னா என்ன செய்வியள்?"

நியாயமான கேள்வி. கைதிகள் சுடப்படும் காட்சியைச் சனல் 4 ஒளிபரப்பியது 2009 ஓகஸ்டில். அரசாங்கம் அதைப் போலி என்றது. அது உண்மையானதாகவே தெரிகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், மூன்று நிபுணர்களின் ஆய்வை வைத்துச் சொன்னபோது 2010 ஜனவரி ஆகிவிட்டது. அந்தக் காட்சியை எடுத்தவர் ஒப்பமிட்டுத் தந்திருக்கப் போவதில்லைதான். நாம் எடுப்பவற்றுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடலாம்.

இன்று பரவலாக உள்ள முறை எலிப்டிக் கேர்வ் எனும் வளைகோட்டுக் கணிதத்தில் இயங்குகிறது. தனிச்சாவி என்பது இரகசியமான, மிகப்பெரிய ஓர் எண். பெரும்பாலும் 256 பிற் நீளமானது. வளைகோட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு புள்ளியை, அந்த எண் சொல்லும் தடவைகள் அதனுடனேயே கூட்டினால் கிடைக்கும் புள்ளிதான் பொதுச்சாவி. கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை, குறுக்குவழி இருக்கிறது. ஆனால் கிடைத்த புள்ளியை வைத்து எத்தனை தடவை கூட்டப்பட்டது என்று கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் இயலாது.

ஒப்பமிடும்போது மென்பொருள் காணொளியிலிருந்து ஒரு சுருக்க எண்ணைப் பெற்று, தனிச்சாவியால் அதற்கு ஒப்பம் உருவாக்கும். பொதுச்சாவி கையில் உள்ள எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஒரு செக்கன் வெட்டப்பட்டிருந்தாலும் ஒப்பம் பொருந்தாது. வட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி அனுப்பினாலும் பொருந்தாது. ஆகவே மூலக்கோப்பை அழிக்காதீர்கள். அனுப்புவதானால் 'டொகியுமன்ட்' ஆக அனுப்புங்கள்.

இந்த முறையில் ஒவ்வொரு ஒப்பத்துக்கும் புதிய, இரகசியமான எழுமாற்று எண் ஒன்றும் வேண்டும். சொனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 இல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. இரண்டு ஒப்பங்களை ஒப்பிட்டுச் சாதாரண அட்சரகணிதத்தால் தனிச்சாவியையே கணக்கிடலாம் என்று 2010 டிசம்பரில் பேர்லினில் ஒரு குழு காட்டியது. எனவே ஒப்பமிடும் மென்பொருளை நாமே எழுதிப் பார்க்கக்கூடாது.

காட்சி உண்மையா, எப்போது எடுக்கப்பட்டது என்பதை ஒப்பம் சொல்லாது. இந்தச் சாவியால் ஒப்பமிட்ட பின் கோப்பு மாறவில்லை என்பதையே சொல்லும். சாவி உங்களுடையது என்று தெரிந்தால், ஒப்பமிட்டவர் நீங்கள் என்பதும் தெரிந்துவிடும். விசாரணைக்கு அழைக்கப்படும் எங்கள் பகுதிகளில் இது சின்ன விசயமல்ல. நம்பிக்கையான நிறுவனமொன்று தன் சாவியால் ஒப்பமிடுவது சில வேளைகளில் பாதுகாப்பானது.

தொலைபேசி பறிபோனால் தனிச்சாவியும் போய்விட்டதாகவே எண்ணுங்கள். உங்கள் பொதுச்சாவியை வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கே அறிவியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்காத காணொளியிலும் உங்கள் ஒப்பம் இருக்கும்.