பத்துப் புள்ளி

லூயி பிரெயில் என்றதும் ஆறு புள்ளிகள் ஞாபகம் வருகிறதல்லவா? அதே மனிதர் பத்துப் புள்ளி சமாசாரம் ஒன்றும் வைத்திருந்தார், தெரியுமோ?

பிரான்ஸில் கூப்வ்ரே கிராமம். அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். அவருடைய பட்டறையில் விளையாடும்போது, மூன்று வயதில், கூரான கருவி குத்தி ஒரு கண் போனது. சீழ் பிடித்து இன்னொன்றும் போயிற்று. அப்படியும் பையனை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடுதான் உட்கார வைத்தார்கள். காதால் கேட்டே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினான். எழுதத்தான் வழியில்லை.

1819-ல் பாரீஸ் பார்வையற்றோர் பள்ளி. 1824-ல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி எழுத்து தயார். பிரச்னை தீர்ந்ததா? பாதிதான். பார்வையுள்ள அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டால், அவருக்கு அது மேடு மேடாக ஒரு காகிதம், அவ்வளவுதான்!

இத்தனைக்கும் ஆறு புள்ளியைக் கண்ணாலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பார்வையுள்ளவர்கள் மெனக்கெடவில்லை. மறுபடியும் பிரெயில்தான் மெனக்கெட்டார். 1839-ல் இன்னொரு முறையை வெளியிட்டார்: பத்துப் புள்ளி உயரக் கட்டத்துக்குள், புள்ளி புள்ளியாகக் குத்தி, சாதாரண எழுத்தின் வடிவத்தையே கொண்டுவருவது. விரலாலும் படிக்கலாம், கண்ணாலும் படிக்கலாம். ஆனால் ஓர் எழுத்துக்கு எத்தனை குத்து! கை விட்டுப்போகும்.

நண்பர் பியர் ஃபூக்கோ, அவரும் பார்வையற்றவர், 1841-ல் விசிறி மாதிரி பத்துக் கம்பிகள் வைத்து ஒரு மெஷின் செய்து கொடுத்தார். அழுத்தினால் புள்ளிகள் வரிசையாக விழும்.

ரெமிங்டன் டைப்ரைட்டர் கடைக்கு வந்தது 1874-ல்.