கோயம்பேடு பூட்டப்பட்ட நாட்கள்

கொத்தவால்சாவடியில் நெரிசல் தாங்காமல்தான் 1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு வந்தது. அந்தக் கோயம்பேடும் 2020 மே 5-ல் கொரோனாவால் பூட்டப்பட்டது.

அதற்குப் பத்து நாள் முன்பு நடந்தது நினைவிருக்கிறதா நண்பர்களே? ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். கூட்டத்தைத் தடுக்கத்தான்! ஆனால் 25-ம் தேதி காலையில் சென்னையில் எந்தக் கடை வாசலிலும் பையோடு ஜனம். (பயந்தவன் ஒன்றுக்கு இரண்டாக வாங்கத்தானே செய்வான்?)

சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர் திரும்பினார்கள். கூடவே தொற்றும் போனது. பழி என்னவோ அவர்கள் மேல்தான் விழுந்தது... கூலி நின்றபின் சென்னையில் என்ன சாப்பிட்டு இருப்பார்கள்?

காய்கறி வியாபாரம் ஊருக்கு வெளியே திருமழிசைக்குப் போனது. தள்ளுவண்டிக்காரர் சரக்கெடுக்க அவ்வளவு தூரம் அலைந்தார். செப்டம்பர் 28-ல்தான் கோயம்பேட்டில் மீண்டும் காய்கறி இறங்கியது.