மரபென்று எண்ணப்பட்ட தொற்று

வண்டூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில், போர்ட் பிளேரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் இயங்குகிறது. அம்மையத்தினர் 2000ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஆய்வுகளின்படி, நிக்கோபாரியருள் ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தனர். 8 விழுக்காட்டை எட்டினாலே அதை மிகைப்பரவல் என்று வகைப்படுத்துவது உலக வழக்கு.

தனித்த தீவுகள், பெரும்பாலும் தமக்குள்ளேயே மணவுறவு கொள்ளும் சிறு சமூகம், குடும்பம் குடும்பமாகத் திரளும் நோய். இவற்றை ஒருசேரக் காண்பவர் மரபணுவையே முதலில் ஐயுறுவார். அவ்வாறு ஐயுற்றவருள் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த பாருக் பிளம்பெர்க்கின் தேடல் நோய்க்கிருமியைப் பற்றியதன்று. மனிதக் குருதிப் புரதங்களில் பரம்பரையாக அமையும் வேறுபாடுகளைப் பற்றியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்டறியப்பட்டு 1965இல் வெளியான புதிய பொருளுக்கு 'ஆஸ்திரேலிய ஆன்டிஜென்' என்று பெயரிட்டார். பிலிப்பைன்ஸின் சேபு தீவுக் குடும்பங்களில் அது எவ்வாறு பரவியிருக்கிறது என்று அவர் குழுவினர் கணக்கிட்டனர். பெற்றோர் இருவரிடமும் அது இல்லாதபோது எத்தனை பிள்ளைகளிடம் உள்ளது, ஒருவரிடம் இருக்கும்போது எத்தனை, இருவரிடமும் இருக்கும்போது எத்தனை என்பதே கணக்கு. விடை மெண்டலின் ஒடுங்கு பண்பு விதியோடு பொருந்திற்று. 1966இல் மனித மரபியல் இதழொன்றில் அது வெளியாயிற்று. கணக்கில் பிழையேதும் இல்லை என்பதுதான் இவ்வரலாற்றின் சுவை.

முடிச்சு அவிழ்ந்தது டவுன் நோய்க்குறி உடையோரிடையே. பெரிய காப்பகங்களில் வாழ்ந்தோரிடம் அந்த ஆன்டிஜென் மிகுதி. சிறிய இல்லங்களில் குறைவு. வீட்டில் வாழ்ந்தோரிடம் மேலும் குறைவு. பிறந்த குழந்தைகளிடம் அறவே இல்லை. குரோமோசோம் நிலை அனைவருக்கும் ஒன்றே, வாழிடம்தான் வேறு. அதே 1966இல், முன்பு ஆன்டிஜென் இல்லாதிருந்த ஒருவரிடம் மறு சோதனையில் அது தென்பட்டது. உடன் கல்லீரல் அழற்சியும் இருந்தது. பிறவியிலேயே அமைந்த பண்பு இடையில் தோன்றுவதில்லை.

தாயிடம் இருந்தாலும் தந்தையிடம் இருந்தாலும் பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு ஒன்றே என்பது ஒடுங்கு பண்பின் இலக்கணம். ஆனால் 1975இல் தைவானில் வெளிவந்த ஆய்வு, தொற்றுள்ள தாயிடமிருந்து மகவுக்குப் பிறப்பை ஒட்டி வைரஸ் செல்வதைக் காட்டியது. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களிடம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே வீட்டில், ஒரே தலைமுறை வரிசையில் நோய் இறங்கிவரும் தோற்றம் இதனால் விளைந்ததே.

இது வெறும் கருத்து வேறுபாடன்று. மரபணு என்றால், 'இம்மக்களின் இயல்பு' என எழுதிக் கோப்பை மூடிவிடலாம். கார் நிக்கோபாரின் 'துஹெத்' எனும் கூட்டுக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையைத் தடுப்பூசியால் காக்கலாம் என்ற நிலை அப்போது தோன்றியிராது. அமெரிக்காவில் 1981இல் தடுப்பூசி உரிமம் பெற்றது. இந்தியாவில் 2002இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய குழந்தைத் தடுப்பூசி, 2011இல்தான் நாடு முழுமைக்கும் விரிந்தது.

மரபணு முற்றிலும் தோற்றுவிடவும் இல்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தொற்று யாரிடம் நிலைக்கும் என்பதில் ஹெச்.எல்.ஏ.-டி.பி. மரபணு வேறுபாடுகளுக்குப் பங்குண்டு எனக் காட்டினர். வைரஸ் வந்து சேர்ந்த பின்னரே அந்த வேறுபாடு பேசத் தொடங்குகிறது.