பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை: நம் சாலைகளில் டாடா கார்

சாலைப் பாதுகாப்பு விழா மலரில் ஒரு கார் நிறுவனத்தின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜுக்கு அடுத்தபடியாக, சில வீடுகளில் அதற்கும் முன்பாகவே, "எத்தனை ஸ்டார்?" என்று விசாரிக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அது எப்படிப் பிறந்தது, அதற்கு விடை சொல்லும் நிலைக்கு நம் நாட்டு நிறுவனம் ஒன்று எப்படி வந்தது, அதில் வண்டி வைத்திருக்கும் நமக்கு என்ன பங்கு என்பதைப் பதிவு செய்து வைக்க இந்த மலரே தகுந்த இடம்.

லாரி வழியே வந்த பெயர்

டாடா என்ற பெயர் இந்தப் பக்கத்துக்குக் காரோடு வரவில்லை, லாரியோடு வந்தது. 1945இல் டெல்கோ என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் முதலில் செய்தது ரயில் என்ஜின்கள். 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய இறங்கியது. ஒப்பந்தம் 15 ஆண்டுகள் ஓடி 1969இல் முடிந்தது. அதன்பிறகு லாரியின் முகப்பில் டாடா முத்திரை மட்டும் நின்றது.

அரியலூர் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அரசு சிமென்ட் ஆலையில் தொடங்கி ரெட்டிபாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர், தளவாய் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. கல் ஏற்றவும் மூட்டை இறக்கவும் லாரிகள் வந்தன. ஒரு லாரியை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். 1986இல் வந்த 407 வேன் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஓடியது. 2005இல் வந்த ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்து, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தையும் குன்னம் பக்கத்து மக்காச்சோளத்தையும் அதில்தான் ஏற்றினார்கள். "வண்டி தாங்கும்" என்ற நம்பிக்கை அப்படி வேர்விட்டது.

1991இல் சியரா, 1992இல் எஸ்டேட், 1994இல் சுமோ, 1998இல் சஃபாரி என்று டாடா பயணிகள் வாகனத்துக்கு வந்தது. 1998 டிசம்பரில் இண்டிகா அறிமுகமானது. இந்தியாவிலேயே முழுமையாக உருவாக்கப்பட்ட கார் என்ற பெருமையோடு வந்த அது, சில ஆண்டுகளில் டாக்சி ஸ்டாண்டுகளை நிரப்பியது. டீசல் செலவு குறைவு, உள்ளே இடம் தாராளம், சத்தம் கொஞ்சம் அதிகம் என்பதுதான் அன்றைய மதிப்பீடு. மோதினால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1994 முதலே முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயம் என்று விதி இருந்தும், அது உறையைவிட்டு வெளியே வந்தது அபூர்வம்.

பூஜ்யம்

விபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அரியலூருக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தண்டவாளத்தில் நாடு கற்ற அந்தப் பாடம் தார்ச்சாலைக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. சாலையில் ஒருவர் இறந்தால் "விதி" என்றார்கள், அல்லது "டிரைவர் தூங்கிட்டான்" என்றார்கள். வண்டியை யாரும் விசாரிக்கவில்லை.

முதலில் விசாரித்தது குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு அமைப்பு. 2014 ஜனவரியில் இந்தியச் சந்தையில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு முடிவை வெளியிட்டது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. டாடாவின் நானோவும் அதில் ஒன்று. ஐந்தில் மூன்றின் உடற்கட்டே போதாது, அவற்றில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இராது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். நானோ அந்த மூன்றிலும் ஒன்று.

இந்தியச் சட்டத்தில் அப்போது இப்படியொரு மோதல் சோதனையே கிடையாது என்பதால், விதியை மீறியதாக யாரையும் சொல்ல முடியாது. நம் ஊரில் சராசரி வேகம் குறைவு, இந்தச் சோதனை இங்கே பொருந்தாது என்று வாகனத் துறையினர் வாதிட்டார்கள். பாடாலூரிலிருந்து திருமாந்துறை சுங்கச்சாவடி வரை விடியற்காலையில் ஒருமுறை போய்வந்தவருக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தெரியும்.

ஐந்து நட்சத்திரம்

பூஜ்யம் வாங்கிய நிறுவனம் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். சோதனையைக் குறை சொல்லலாம், அல்லது வண்டியை மாற்றலாம். டாடா வண்டியை மாற்றியது. 2016இல் அதன் ஜெஸ்ட் காரில் ஏர்பேக் இல்லாத வண்டி பூஜ்யம் பெற்றது. உடற்கட்டைச் சரிசெய்து இரண்டு ஏர்பேக் வைத்த வண்டி நான்கு நட்சத்திரம் பெற்றது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி.

2017 செப்டம்பரில் நெக்ஸான் வந்தது. 2018 ஆகஸ்டில் நான்கு நட்சத்திரம். அதோடு நிறுத்தாமல் வண்டியை மேம்படுத்தி, பக்கவாட்டு மோதல் சோதனையிலும் தேறி, முன்சீட் இருவருக்கும் பெல்ட் எச்சரிக்கை மணியை வைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான கார் ஒன்று குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல்முறை. 2020இல் அல்ட்ராஸ், 2021இல் பஞ்ச் என்று அந்த வரிசை நீண்டது. மற்ற நிறுவனங்களும் போட்டிக்கு வந்தன. மகிந்திரா 2020இல் எக்ஸ்யூவி 300 வண்டிக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. பிறகு சோதனை விதிகள் கடுமையாயின. அந்தக் கடுமையான முறையிலும் 2024இல் நெக்ஸான் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2018இல் குழந்தைப் பிரிவில் அதற்குக் கிடைத்தது மூன்றுதான்.

அரசும் பின்தொடர்ந்தது. ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமானது. பக்கத்துச் சீட்டுக்கு 2021இல் வந்தது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. அதில் முதல் சான்றிதழ்களை அந்த டிசம்பரில் வாங்கியவை டாடாவின் ஹேரியரும் சஃபாரியும். 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 அக்டோபரில் லாரித் தொழிலும் கார்த் தொழிலும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன.

ஸ்வீடன் கொடுத்த கொடை

பாதுகாப்புக்கே பெயர்போன கார் என்றால் உலகம் முதலில் சொல்வது ஸ்வீடனின் வால்வோவைத்தான். 1927இல் கோதன்பர்க் நகரில் முதல் காரை வெளியிட்ட நிறுவனம் அது. போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தள்ளும் இருக்கையை வடிவமைத்துக்கொண்டிருந்த நில்ஸ் போலின் என்ற பொறியாளர் 1958இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட்டை உருவாக்கினார். ஒரே கையால் மாட்டக்கூடியது, மோதலின் வேகத்தை மார்பெலும்பிலும் இடுப்பெலும்பிலும் இறக்கக்கூடியது. 1959இல் அது கார்களில் வந்தது. காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல், எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. இன்று கோடி ரூபாய்க் காரிலும் நம் வாடகைக் காரிலும் இருப்பது அதே பெல்ட்தான்.

நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பெல்ட்டை நம்பித்தான் கொடுக்கப்படுகின்றன. சோதனைக்கூடத்தில் பொம்மைகளுக்குப் பெல்ட் மாட்டித்தான் காரை மோதவிடுகிறார்கள். பெல்ட் போடாதவருக்கு ஐந்து நட்சத்திரம் பொருந்தாது. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை மட்டுமே. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்பவர் மீது அது கண் இமைக்கும் நேரத்தில் விரிந்து அடிக்கும்.

உரிமையாளர்கள் சொல்வது

இந்தப் பக்கத்து டாடா கார் உரிமையாளர்களிடம் பேசினால் முதலில் கேட்பது கதவு. "சாத்துற சத்தத்தைக் கேளுங்க" என்று திறந்து சாத்திக் காட்டுவார்கள். அடுத்தது, "தகடு கனம்". இதில் பாதிதான் உண்மை. பாதுகாப்பைத் தருவது வெளித்தகட்டின் கனமல்ல. முன்பக்கம் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் கூண்டு மட்டும் நசுங்கக்கூடாது. அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். பானெட் சுருண்டு, கண்ணாடி தூளாகி, நான்கு கதவும் திறக்கிற நிலையில் நிற்கும் கார், தன் வேலையைச் சரியாகச் செய்த கார்.

நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் நிற்கிறது, குண்டும் குழியுமான கல் லாரிப் பாதையில் இடுப்பு வலிக்கவில்லை என்பவை அடிக்கடி கேட்கும் பாராட்டுகள். திரையும் மின்னணுக் கருவிகளும் அவ்வப்போது தொல்லை தருகின்றன, சர்வீஸுக்கு விட்டால் நாளாகிறது என்பவை நாடெங்கும் கேட்கும் குறைகள். பாராட்டை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும் என்பதால் குறையும் இங்கே பதிவாகிறது.

புது வண்டி வந்ததும் நம் வழக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதால் அந்த நாள் பார்த்துப் போவோம். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசை முடிந்து கிளம்பும்போது முன்சீட்டில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அப்பாயி உட்காருவார். "பெல்ட் போடுங்க அப்பாயி, பாப்பாவ பின்னால குடுங்க" என்றால், "நான் புடிச்சிக்கிறேன் போடா, என்னையவிட பெல்ட்டா கெட்டியா புடிக்கும்?" என்று பதில் வரும். பாசத்தில் குறையில்லை, ஆனால் கணக்கு வேறு. பத்துக் கிலோ குழந்தை மோதும் கணத்தில் சில நூறு கிலோ விசையோடு முன்னே பாயும். எந்தக் கைக்கும் அது நிற்காது. அதோடு குழந்தையின் முகத்துக்கு நேரே இருப்பது ஏர்பேக்.

ஐந்து நட்சத்திர வண்டியை வாங்கிய பிறகு, நாமே ஒவ்வொரு நட்சத்திரமாகக் கழற்றுவதும் உண்டு. முன்னால் இரும்புப் பம்பர் கட்டினால், நசுங்க வேண்டிய இடம் நசுங்காது, ஏர்பேக் விரியும் நேரமும் தவறலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. பெல்ட் மணிச் சத்தத்தை நிறுத்தப் போலிக் கிளிப் மாட்டுகிறார்கள். இந்தக் கிளிப்பை இணையத்தில் விற்ற நிறுவனங்கள் அதை நீக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட்டது. டயர் தேய்ந்து வழுக்கையானாலும் இன்னும் ஒரு சீசன் ஓடட்டும் என்று விடுகிறார்கள். நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் ஆலை டயர் செய்து நாடெங்கும் அனுப்பும் மாவட்டத்தில் இப்படி நடப்பது வேடிக்கை.

நம் சாலைகளுக்கென்று தனி ஆபத்தும் உண்டு. இருட்டிய பிறகு சாலையோரம் நிற்கும் லாரி, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் காயும் சோளம், குறுக்கே வரும் ஆடு மாடு. இவற்றில் எதையும் எந்த நிறுவனமும் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. நிற்கும் லாரிக்கு அடியில் அதிவேகத்தில் நுழையும் காரை எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது. அங்கே காப்பது வேகக் குறைப்பும், லாரியின் பின்னால் ஒட்டிய பிரதிபலிப்புப் பட்டையும், தூக்கம் வந்தால் ஓரங்கட்டும் மனமும்தான்.

வாசகருக்கு

நானோ வாங்கிய பூஜ்யத்துக்கும் நெக்ஸான் வாங்கிய ஐந்துக்கும் நடுவே ஐந்து ஆண்டுகூட இல்லை. வெளியிலிருந்து ஒருவர் சோதித்தார், முடிவை மறைக்காமல் சொன்னார், வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டார்கள், நிறுவனம் மாறியது. ஆகவே கேட்பதை நிறுத்தாதீர்கள். எந்த நிறுவனத்து வண்டியானாலும், நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலுக்கு எந்த ஆண்டில், எந்த முறையில், குழந்தைப் பிரிவு உட்பட எத்தனை நட்சத்திரம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மாடல் வாங்கிய நட்சத்திரம் அந்த நிறுவனத்தின் எல்லா வண்டிக்கும் ஆகாது.

வாங்கியபின் பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பதற்காக அல்ல, பின்னால் இருப்பவர் பாய்ந்தால் முன்னால் இருப்பவரும் சாவார் என்பதற்காக. கைக்குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை வாங்குங்கள். அதன் விலை நாம் வண்டிக்குப் போடும் அலாய் வீல் செலவைவிடக் குறைவு. விபத்தைக் கண்டால் நின்று 108ஐ அழையுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. லாரி வைத்திருப்போர், இந்த மலரைப் படித்து முடித்த கையோடு வண்டியின் பின்விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.